பூட்டுக்கடையின் பகா எண்

அந்தக் கடையின் போர்டில் பெயரைப் படிக்க வேண்டுமென்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். போனால் போகிறதென்று ஓர் ஓரத்தில் ‘பூட்டு, சாவி, ரிப்பேர்’ என்று எழுதியிருக்கும். மிச்ச இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு முழ உயரத்தில் எட்டு இலக்கங்கள் நிற்கும்: 73939133. கடையின் தொலைபேசி எண். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இங்க என்ன, நம்பர் விக்கிறாங்களா?” என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். பூட்டுக்காரர் அப்படித்தான் எழுதச் சொன்னார், அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அந்த எண் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

கடை திறந்த புதிதில் தொலைபேசி அலுவலகத்தில் மூன்று எண்களைக் காட்டி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பூட்டுக்காரம்மாவுக்கு, அதாவது பூட்டுக்காரரின் மனைவிக்கு, நாலு நாலாக முடிகிற ஒன்றின் மேல் கண். பூட்டுக்காரரோ இந்த எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“என்னங்க, நாலு நாலுன்னு முடியுது பாருங்க. சொன்னா வாயில ஒட்டிக்கும்.”

“வாயில ஒட்டுறதுக்கு அது என்ன மிட்டாயா? எனக்கு இதுதான் வேணும்.”

ஒற்றைக்காலில் நின்று அதையே வாங்கினார். மனிதருக்கு எண்கள் மேல் ஒரு பித்து. நம்பர் பூட்டுகளோடு மல்லுக்கட்டியே காலம் போனதாலோ என்னவோ, பத்திரிகையில் வருகிற கணக்குப் புதிர் ஒன்றை விடமாட்டார். சிலருக்குச் சீட்டுக்கட்டு, சிலருக்குக் குதிரை, இவருக்கு எண். செலவில்லாத பைத்தியம்தானே என்று அவளும் விட்டுவைத்திருந்தாள்.

கடைக்குத் திரும்பியும் அவள் முகம் உம்மென்று இருந்தது. அவர் கொக்கியிலிருந்து வெட்டாத சாவிகளை ஒரு கை அள்ளி மேசையில் பரப்பினார்.

“இந்தா, பன்னெண்டு சாவி. மூணு பேருக்குச் சமமா பங்கு போடு.”

“ஆளுக்கு நாலு.”

“நாலு பேருக்கு?”

“ஆளுக்கு மூணு. என்னை என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைன்னு நெனச்சீங்களா?”

“கோவிக்காத. இப்ப ஏழு சாவி. பங்கு போடு பாப்போம்.”

அவள் இரண்டாகப் பிரித்தாள், ஒன்று மிஞ்சியது. மூன்றாகப் பிரித்தாள், அப்போதும் ஒன்று மிஞ்சியது. நான்கு, ஐந்து, ஆறு என்று எதற்கும் அது மசியவில்லை.

“ஒருத்தனே ஏழையும் எடுத்துக்கணும், இல்ல ஏழு பேர் ஆளுக்கொண்ணு எடுத்துக்கணும். நடுவுல வழியே கெடையாது. இதுக்குப் பேருதான் பகா எண்.” அவர் குரல் ஏறிவிட்டது. “நம்ம நம்பர் இருக்கே, ஏழு கோடியே முப்பத்தொம்பது லட்சத்து முப்பத்தொம்பதாயிரத்து நூத்து முப்பத்து மூணு, அது ஒரு பகா எண். அது பெரிசில்ல, அந்த மாதிரி கோடி கெடக்கு. இதோட கடைசி மூணை வெட்டித் தூக்கிப் போடு. மிச்சம் இருக்கிறதும் பகா எண். இன்னொண்ணை வெட்டு, அதுவும் பகா எண். இப்படி வால வெட்டிக்கிட்டே வந்தா எழுபத்து மூணு நிக்கும், கடைசியில ஒத்தை ஏழு நிக்கும். அதுவரைக்கும் ஒரு இடத்துலயும் உடையாது. எவன் வந்து எத்தனை வாட்டி வெட்டினாலும் மிஞ்சுறது முழுசு. புரியுதா?”

“இன்னும் நாலு இலக்கம் சேர்த்தா இன்னும் நல்லா இருக்குமே.”

“அதான் முடியாது! இதுக்கு வலப்பக்கம் எதைச் சேர்த்தாலும் கெட்டுப்போயிடும். இந்த மாதிரி எண்ணுல இதுதான் கடைசி, இதுதான் பெரிசு.”

“ரொம்ப சந்தோஷம். வாடிக்கைக்காரங்க வால வெட்டிட்டா போன் பண்ணப் போறாங்க?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்போது கடைக்கு உள்ளே ஸ்டூல் மேல் ஏறித் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார் அவருடைய அக்கா. தம்பி கடை திறந்த பூரிப்பில் காலையிலிருந்து கூட்டிப் பெருக்கித் துடைத்தவர். சோதனைக்காக ஓடவிட்டிருந்த சாவி வெட்டும் மெஷின் போட்ட சத்தத்தில், வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டிருந்த அந்த நாத்தனாரின் காதில் ‘பகா எண்’ விழவில்லை. ‘பகை எண்’ என்று விழுந்தது. தெரிந்தே எதற்காகப் பகை எண்ணை வாங்கி நெற்றியில் ஒட்டிக்கொள்கிறான் என்று அவருக்குப் பகீரென்றது. புதுக் கடையில் அபசகுனமாக ஒன்றும் பேசக்கூடாதென்று அன்றைக்கு விழுங்கிவிட்டார். விழுங்கினது உள்ளேயே கிடந்தது.

கடை நன்றாக ஓடியது. பூட்டுக்காரம்மாவும் தொழில் கற்றுக்கொண்டாள். தனியாக இருக்கிற பெண்கள் கதவு பூட்டிக்கொண்டு தவித்தால் அவள்தான் போவாள். வேலையில் கெட்டி. மறதியில் அதைவிடக் கெட்டி. கம்பி, அரம் எல்லாம் இருக்கிற பையை மேசையில் வைத்துவிட்டு, குடையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பாதி வழியில் செல்போன் அடிக்கும். அந்தப் பக்கம் அவர்.

“கைய வீசிட்டுப் போயிட்டியா?”

வருஷக்கணக்காக அதே கேள்வி, அதே இழுப்பு. கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஆமா, வீசிட்டுத்தான் வந்தேன், அதுக்கென்ன இப்ப?” என்று தெருவில் நின்று கத்துவாள். தப்பு தன்மேல் என்றால் மனுஷிக்குக் கோபம் இரட்டிப்பாக வருவது இயல்புதானே.

ஒரு நாள் காலை சாவி ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து அரம் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் நிமிரவில்லை.

அந்த வேளையில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று பூட்டுக்காரம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஓயமாட்டாள். பக்கத்து டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, தான் அவர் உடம்பில் பாதிதான் இருந்தாலும் அவரை அள்ளித் தோளில் போட்டார். முன்பின் தெரியாத ஒரு பெண் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டாள். அவள் பெயர்கூடக் கேட்கவில்லை. நாத்தனார் தன் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கியவர், தம்பிக்குச் சவரம் செய்வதிலிருந்து நகம் வெட்டுவது வரை ஒன்றையும் இவளிடம் விடவில்லை. நன்றி சொல்ல ஆரம்பித்தால் யாரில் ஆரம்பிப்பது என்று அவளுக்கே திகைப்பாக இருக்கும்.

உயிர் தப்பியது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது.

“தண்ணி வேணுமாங்க?” என்று கேட்டால், “ஏழு” என்பார். வலிக்கிறதா என்றால், “ஏழு.” உங்கள் அக்கா வந்திருக்கிறார் பாருங்கள் என்றால் கண் கலங்கி, “ஏழு, ஏழு.” பசிக்கும் அதுதான், தூக்கத்துக்கும் அதுதான்.

“இந்த மாதிரி ஒரே சொல் நாக்குல நின்னுடறது உண்டும்மா,” என்றார் டாக்டர். “உள்ள எவ்வளவு புரியுதுன்னு இப்ப சொல்ல முடியாது. புரியாமலேயும் இருக்கலாம்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை அறுத்தது. பேசாவிட்டால் பரவாயில்லை, கை வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அந்தக் கண்களுக்குப் பின்னால் அவர் இருக்கிறாரா? எதிரில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறபோதெல்லாம் உற்று உற்றுப் பார்ப்பாள். எந்தப் பூட்டையும் திறக்கிற வீட்டில், உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு கதவின் முன்னால் நிற்பதாக அவளுக்குத் தோன்றும். அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். தங்கமான பெண். கோப்பைப் படத்தைக் காட்டி, “இது என்ன சார்?” என்பாள். “ஏழு.” நாற்காலி? “ஏழு.” அவள் முகம் சுளிக்காமல், “நல்லா முயற்சி பண்றீங்க சார்” என்பாள். படி இறங்கும்போது மட்டும் அவள் தோள் கொஞ்சம் தொங்கியிருப்பதை வாசலில் நிற்கிற பூட்டுக்காரம்மா பார்த்துவிடுவாள்.

நாத்தனாருக்குள் கிடந்தது இப்போது வெளியே வந்தது.

“ஏம்மா, உனக்கு உறைக்கவே இல்லையா? அவன் நாக்குல உக்காந்திருக்கிறது என்ன? ஏழு. போர்டுல முதல்ல நிக்கிறது என்ன? ஏழு. வாங்கின அன்னிக்கே அவன் வாயாலதான் சொன்னான், இது பகை எண்ணுன்னு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். வேணும்னே பகையைக் கூப்பிட்டு வீட்டுல வச்சா அது சும்மா இருக்குமா?”

“அவர் அப்படியா சொன்னார்?”

“நீயும்தானே அங்க நின்ன!”

நின்றாள்தான். ஏதோ எண் என்று சொன்னது நினைவிருந்தது, ‘ப’வில்தான் ஆரம்பிக்கும். சாவிகளைப் பங்கு போட்டதுகூட மங்கலாகத் தெரிந்தது. ஆனால் தூக்கம் கெட்டு, கடையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து ஓய்ந்த மூளைக்கு அதற்குமேல் எட்டவில்லை. பகை எண் என்றுதான் சொல்லியிருப்பாரோ? தவிர, இத்தனை செய்கிற நாத்தனார் கேட்கிற ஒன்றே ஒன்று இது. மாற்றினால் அவர் மனசாவது ஆறட்டும் என்று தொலைபேசி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து புது எண், நாலு நாலாக முடிகிற ஒன்று. அன்றைக்கு ஆசைப்பட்டது கிடைத்தும் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

போர்டை மாற்ற, அதை முதலில் எழுதிய அதே பெயின்டர் சொன்ன அன்றைக்கே வந்தார். பூட்டுக்காரரைக் கடைக்கு வெளியே நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தாள், காற்றாவது படட்டும் என்று. இடது பக்கம் டீக்கடையின் தார்ப்பாய் மறித்ததால் பெயின்டர் ஏணியை வலது பக்கம் சாய்த்து, கடைசி இலக்கத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.

முதல் சுரண்டல் சத்தத்துக்கே பூட்டுக்காரர் நிமிர்ந்தார். “ஏழு! ஏழு!” இடது கையைத் தூக்கி ஆட்டினார். முகம் சிவந்துவிட்டது.

“ஒண்ணுமில்லீங்க, புது நம்பர் எழுதறோம்,” என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பெயின்டர் தயங்கி, “நிறுத்தட்டுமா தங்கச்சி?” என்றார்.

“நீங்க வேலையைப் பாருங்கண்ணே.”

கடைசி மூன்று உதிர்ந்து தரையில் விழுந்தது. போர்டில் 7393913 நின்றது. பூட்டுக்காரர் அதையே பார்த்தார். கை மெல்ல இறங்கியது. பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டுகிற ஆட்டல்.

அடுத்த மூன்றும் போனது. 739391. மறுபடி ஒரு தலையாட்டல். அவள் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்தி, பார்த்தியா என்பது போல ஒரு பார்வை. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். புதிர் ஒன்றை விடுவித்துவிட்டால் அப்படித்தான் பார்ப்பார்.

ஒன்று போனது, ஒன்பது போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையாட்டல். இப்போது அவர் உதட்டோரத்தில் சிரிப்பே வந்துவிட்டது. உடம்பு பாதி விழுந்தும் அந்தக் கோணல் சிரிப்பு அவருடையதுதான். மேலே பெயின்டர் ஒரு மூன்றைச் சுரண்டிவிட்டு அடுத்த ஒன்பதில் கை வைத்தார்.

வால வெட்டிக்கிட்டே வந்தா.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் வந்தது. மேசை, சாவிகள், அவர் குரல். எவன் வந்து எத்தனை வாட்டி வெட்டினாலும் மிஞ்சுறது முழுசு. ஒன்பதும் போய் எழுபத்து மூன்று நின்றது, மூன்றும் போய் ஒற்றை ஏழு நின்றது.

பூட்டுக்காரர் இடது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். வைத்து, அவளைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

“ஏழு.”

ஐயோ! இதைத்தானா இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தார்? வெட்டினதெல்லாம் வெட்டியாச்சு, நான் இன்னும் உடையவில்லை என்றா? பூட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவள் பூட்டுத் தொழில் பார்க்கிறவள். திறந்துவிட்டது மாதிரி தெரிந்தாலும் கைப்பிடியைத் திருகிப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

“அண்ணே, அந்த ஏழைத் தொடாதீங்க!”

“ஒத்தை ஏழை வச்சுக்கிட்டு எந்த ஊருக்குப் போன் பண்றது?”

“சொன்னதைச் செய்யுங்கண்ணே. சாக்பீஸால ஏழுக்குப் பக்கத்துல நாலுன்னு எழுதுங்க.”

பெயின்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதினார். 74. பூட்டுக்காரர் முகத்தைச் சுளித்து, கையை வீசி, தூ என்று ஒரு சத்தம் போட்டார். எழுபத்து நாலைப் பாதி பாதியாகப் பிரித்துவிடலாமே!

“அழிச்சுட்டு அஞ்சு எழுதுங்க.”

75. இன்னும் மோசமான சுளிப்பு. ஐந்தைந்தாக யார் வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

“இப்ப மூணு.”

73. பூட்டுக்காரர் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கித் தட்டினார். “ஏழு!” என்று கத்தி, தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“இருக்கீங்க,” என்றாள் அவள். கீழே உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். “உள்ளதான் இருக்கீங்க. இங்கதான் இருக்கீங்க.” நடுத்தெரு என்றோ, டீக்கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றோ அவளுக்குத் தோன்றவே இல்லை. யாருக்கென்று இல்லாமல், இருக்கிற எல்லோருக்கும், அந்த எண்ணுக்கும்கூட, மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏணியில் நின்ற பெயின்டர், விஷயம் புரியாமலேயே தானும் மூக்கை உறிஞ்சினார்.

அந்த நேரம் பார்த்து மதியச் சாப்பாட்டோடு நாத்தனார் வந்து சேர்ந்தார். தம்பி அழுகிறான், தம்பி பெண்டாட்டி அழுகிறாள், பெயின்டர் அழுகிறார், போர்டில் ஏழு மட்டும் சாக்பீஸ் மூன்றோடு நிற்கிறது. சாப்பாட்டுக் கூடை கை நழுவப் பார்த்தது.

“ஐயையோ, என்னாச்சு? அந்தப் பகை எண்ணை இன்னும் முழுசா எடுக்கலையா?”

“பகை இல்லக்கா, பகா!” அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். “பகா எண். பங்கு போட்டு உடைக்க முடியாத எண்ணு. அதைத்தான் அன்னிக்குச் சொன்னார். அதைத்தான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கார்.”

நாத்தனார் விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பகா, பகை, பகா என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு துணைக்காலுக்கா இந்தப் பாடு! டேய், கொஞ்சம் சத்தமா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“ஏழு,” என்றார் தம்பி, இடது கையால் அக்காவின் தலையைத் தடவி. அதில் கோபம் துளிகூட இல்லை.

பூட்டுக்காரம்மா அதற்குள் தொலைபேசி அலுவலகத்தைக் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். எண் மாற்றம் பதிவாகிவிட்டது, சாயந்திரம் பழைய எண் போய்விடும், திரும்ப வாங்குவதென்றால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அதற்குள் அது வேறு யாருக்காவது போனாலும் போய்விடும் என்று மளமளவென்று ஒப்பித்தது.

“அம்மாடி, கொஞ்சம் கேளு. என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போயிடுச்சு. இந்த நம்பரைத் தவிர அவருக்கு வேற வார்த்தை இல்ல. இதை எடுத்துட்டா அவர்கிட்ட ஒண்ணுமே இருக்காது.”

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. “நிறுத்திட்டேம்மா,” என்றது குரல், இந்த முறை மெதுவாக. “நம்பர் உங்ககிட்டயே இருக்கும். அவரைப் பாத்துக்குங்க.” இப்படியும் மனிதர்கள் முகம் தெரியாமல் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

“அப்ப நான் திரும்ப எழுதணுமா?” என்றார் பெயின்டர்.

“எழுதுங்கண்ணே. ஆனா ஒரே நாளில வேணாம்.”

அது அவளுடைய யோசனை. பயிற்சிப் பெண்ணும் கேட்டுவிட்டுத் துள்ளினாள். பெயின்டர் அவ்வப்போது வந்து ஓர் இலக்கம் எழுதுவார். பூட்டுக்காரர் அதைச் சொல்லிப் பழகினால்தான் அடுத்தது. ஏழு என்பதோடு ஒட்டிக்கொண்டு முதலில் வந்தது எழுபத்து மூணு. அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து டீக்கடையில் ஒருவரும் டீயை உறிஞ்சவில்லை. வந்ததும் மொத்தக் கடையும் கை தட்டியது. பிறகு எழுநூத்து முப்பத்தொம்பது. பிறகு ஏழாயிரத்து முன்னூத்துத் தொண்ணூத்து மூணு. தமிழில் ஓர் எண்ணைச் சொல்வது நாக்குக்குச் சாதாரண வேலையா? பக்கத்தில் ஓர் இலக்கம் சேர்ந்தால் முன்னால் சொன்னதெல்லாம் உருமாறிவிடுகிறது. பத்து நூறாகும், நூறு ஆயிரமாகும்.

“நான் கொண்டுவர்ற படத்தைவிட இது நல்ல பயிற்சி,” என்றாள் அந்தப் பெண். இப்போது படி இறங்கும்போது அவள் தோள் தொங்குவதில்லை.

போர்டு நிறைந்த அன்று, கடையின் முன்னால் உட்கார்ந்து, நடுவில் நடுவில் மூச்சு வாங்கி, அவர் முழுசாகச் சொன்னார்: “ஏழு கோடியே… முப்பத்தொம்பது லட்சத்து… முப்பத்தொம்பதாயிரத்து… நூத்து… முப்பத்து மூணு.” டீக்கடைக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ கொடுத்தார், யாரிடமும் காசு வாங்கவில்லை. நாத்தனார் எட்டு இலக்கத்தையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குமேல் வரவில்லை. தண்ணீர் என்றோ, சோறு என்றோ, அவளைக் கூப்பிடவோ வரவில்லை. எண் மட்டும் வந்தது. பயிற்சிப் பெண் தயங்கித் தயங்கி, “இங்கயே நின்னாலும் நிக்கலாம்மா” என்றாள். இதற்கு வலப்பக்கம் எதுவும் சேர்க்க முடியாது என்று அவரே அன்றைக்குச் சொன்னது பூட்டுக்காரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் அவரைப் பார்த்தாள். இடது கையால் சாவிகளை அளவு பார்த்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார், தப்பாக மாட்டியிருந்த ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டி முறைத்தார். ஆள் இருக்கிறார். இதுவே அதிகம், இதுவே போதும் என்று மனசார நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள். நான்கு தெரு தள்ளி ஒரு கல்லூரிப் பெண் அறைச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டதாகக் கூப்பிட்டாள். நாத்தனார் கடைவீதிக்குப் போயிருந்தார். “இருங்க, வந்துடறேன்,” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பூட்டுக்காரம்மா கிளம்பினாள். மழை வலுத்தது. மூன்று மாடி ஏறி, அந்தக் கதவின் முன்னால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு குடையை மடக்கும்போதுதான் கையில் குடை மட்டும் இருப்பது தெரிந்தது.

செல்போன் அடித்தது. திரையில் 73939133.

கடை எண். கடையில் அவரைத் தவிர யாரும் இல்லை. விழுந்துவிட்டாரோ? அவள் அவசரமாக எடுத்துக் காதில் வைத்தாள்.

“என்னங்க? என்னங்க ஆச்சு?”

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “ஏழு,” என்றார். பிறகு இல்லை இல்லை என்பதுபோல ஒரு முனகல். நாக்கு எதையோ தள்ளிப் பார்த்தது, வழுக்கியது, மறுபடி தள்ளியது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

“கைய…” என்றது குரல். “கைய… வீசிட்டு…”

அவள் மழைச் சத்தம் கேட்காமல் மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள்.

“…போயிட்டியா?”

அதே கேள்வி. கடைசியில் அதே இழுப்பு.

பூட்டுக்காரம்மா சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். “ஆமாங்க,” என்றாள், “வீசிட்டுத்தாங்க வந்துட்டேன். பையை வச்சுட்டு வந்துட்டேன். புத்திகெட்டவ. இன்னும் திட்டுங்க.” அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கல்லூரிப் பெண் பயந்துபோய் அவள் பக்கத்தில் குனிந்தாள். “ஆன்ட்டி, என்னாச்சு? யாருக்காவது ஏதாவதா?”

“ஒண்ணுமில்ல கண்ணு. என் வீட்டுக்காரர் திட்டறார்.”

“திட்டறாரா?”

“ஆமா!” என்றாள் பூட்டுக்காரம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “என்னைத் திட்டறார்!”